மருத்துவரை விசாரிக்கும் மேசையில் வெளியாள் யார்?

அத்தையின் புகார் விசாரணைக்கு வந்த அன்று துணைக்குப் போனவன் நான். எந்த மாநிலத்து மருத்துவக் கவுன்சில் என்று சொல்லப்போவதில்லை. சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. நீளமான மேசை. அதன் பின்னால் ஐந்து பேர், ஐவரும் மருத்துவர்கள். எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் அத்தை, மடியில் மாமாவின் ஸ்கேன் உறை. மற்றொன்றுக்கு உரியவர் சற்றுத் தாமதமாக வந்தார். "வாங்க டாக்டர், டிராஃபிக்கா?" என்றார் மேசைக்காரர் ஒருவர். ஓரத்தில் இருந்த பெரியவரைப் பார்த்ததும் வந்தவர் குனிந்து கும்பிட்டார். கல்லூரியில் அவரிடம் படித்தவராம்.

அத்தையை யாரும் மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் வரவழைத்தார்கள், நிதானமாகக் கேட்டார்கள். ஆனால் படியிறங்கும்போது அத்தை சொன்னது இதுதான்: "எல்லாரும் ஒரே வீட்டு ஆளுங்கடா. நாமதான் விருந்தாளி."

சில மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. சிகிச்சையில் அலட்சியம் இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று ஒரே வரி. அந்த முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். மாமாவின் ஈரல் அப்போதே கைவிட்டுப்போன நிலை. சிக்கல் என்னவென்றால், அது சரியான முடிவு என்று அத்தையிடம் சொல்ல அந்த வீட்டுக்கு வெளியே ஆளில்லை. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மருத்துவக் கவுன்சிலின் பலம் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் டாக்டர். பெயரை அடித்துவிட்டால், எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட முடியாது. இந்த அதிகாரத்தைப் பெரும்பாலான நாடுகளின் சட்டங்கள் அந்தத் தொழிலிடமே ஒப்படைத்தன. வைத்தியம் தெரிந்தவன்தான் வைத்தியனை எடைபோட முடியும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. பிரிட்டனில் 1858-ஆம் ஆண்டுச் சட்டம் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலை, சுருக்கமாக ஜிஎம்சியை, இந்த அச்சில்தான் வார்த்தது. 1912-இல் பம்பாயும் 1914-இல் வங்காளமும் சென்னை மாகாணமும் இயற்றிய மருத்துவப் பதிவுச் சட்டங்கள் அதன் வழி வந்தவை.

அந்த ஏற்பாட்டில் முதல் விரிசல் விழுந்த கதை சுவையானது. நம் பக்கம் புத்தூர் கட்டு போடுகிறவர்கள் இருப்பதுபோல, லண்டனில் ஹெர்பர்ட் பார்க்கர் என்று ஒருவர் இருந்தார். மருத்துவம் படித்தவரில்லை, பிசகிய மூட்டைக் கையால் திருப்பிச் சரிசெய்கிறவர். கால்பந்து ஆட்டக்காரர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரிடம்தான் ஓடினார்கள். பிரபுக்களும் போனார்கள். சிகிச்சையில் வலி தெரியாமல் இருக்க மயக்க மருந்து கொடுக்க ஆள் வேண்டுமே! ஃப்ரெடரிக் ஆக்ஸம் என்ற முறையாகப் பதிவுபெற்ற மருத்துவர் அந்த வேலையைச் செய்தார். 1911-இல் ஜிஎம்சி ஆக்ஸமின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. பதிவில்லாத ஆளுக்குத் துணைபோனது தொழில்முறையில் இழிவான நடத்தை என்பது குற்றச்சாட்டு. பார்க்கரை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் பெயர்தான் பதிவேட்டிலேயே இல்லையே.

1922-இல் அதே பார்க்கருக்கு அரசர் சர் பட்டம் கொடுத்தார். கட்டுப் போட்டவருக்குப் பட்டம். வலி தெரியாமல் பார்த்துக்கொண்டவருக்குப் பதிவு நீக்கம். பத்திரிகைகளில் கேலியும் கண்டனமும் கிளம்பின. நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா போன்றவர்கள், மருத்துவர்கள் மட்டுமே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் சபையில் பொதுமக்கள் சார்பில் ஆள் வேண்டும் என்று குரல் கொடுத்தார்கள். ஆக்ஸம் 1926-இல் தள்ளாத வயதில் இறந்தார். அவர் பெயர் கடைசிவரை திரும்பச் சேர்க்கப்படவில்லை. அதே ஆண்டில் ஜிஎம்சியில் மருத்துவரல்லாத முதல் உறுப்பினர் அமர்த்தப்பட்டார். எட்வர்ட் ஹில்டன் யங் என்ற நாடாளுமன்ற உறுப்பினர். சபை தொடங்கி 68 ஆண்டுகள் கழித்து ஒரே ஒரு நாற்காலி.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆக்ஸமின் கையால் நோயாளி யாரும் கெட்டுப்போனதாகக் குற்றச்சாட்டே இல்லை. அவர் மீறியது தொழிலின் வேலியை. நோயாளிக்கு நேர்ந்த கேட்டைவிட, வேலி தாண்டியது அந்த மேசைக்குப் பெரிய குற்றமாகத் தெரிந்தது. வெளியாள் தேவை என்ற வாதம் மருத்துவர்கள் கெட்டவர்கள் என்பதிலிருந்து பிறக்கவில்லை. எது குற்றம் என்று தீர்மானிக்கும் கண் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து பிறந்தது.

அதன்பின் ஜிஎம்சியில் வெளியாட்களின் எண்ணிக்கை நத்தை வேகத்தில் கூடியது. 1990-களின் பிற்பாதியில்கூட 104 பேர் கொண்ட சபையில் 25 பேர்தான். பிறகு இரண்டு பெரிய அதிர்ச்சிகள் வந்தன. பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சையில் சாவு அதிகமாக இருக்கிறது என்று ஸ்டீஃபன் போல்சின் என்ற மயக்க மருந்து நிபுணர் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார். சக மருத்துவர்கள் காதில் ஏறவில்லை. கடைசியில் அவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1991 முதல் 1995 வரை அங்கே 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்று 2001-இல் வந்த விசாரணை அறிக்கை கணக்கிட்டது. இரண்டாவது அதிர்ச்சி ஹரால்ட் ஷிப்மன். ஊரே மதித்த குடும்ப மருத்துவர். 15 நோயாளிகளைக் கொன்றதாக 2000 ஜனவரியில் தண்டனை பெற்றார். உண்மையில் கொல்லப்பட்டவர்கள் இருநூறுக்கும் மேல் என்று பின்னர் விசாரணை முடிவு கண்டது.

ஷிப்மன் கதையில் உறைக்கும் இடம் 1976. பெத்திடின் என்ற போதை தரும் வலிநிவாரணிக்காகப் போலிச் சீட்டு எழுதியதற்கு அந்த ஆண்டு நீதிமன்றம் அவரைத் தண்டித்திருந்தது. விஷயம் ஜிஎம்சிக்குப் போனது. அவர்கள் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதோடு விட்டுவிட்டார்கள். அந்த முடிவை அந்தக் காலத்துக்குப் பொருந்தாதது என்று இன்றைக்குச் சொல்வது எளிதில்லை. போதைக்குச் சறுக்கிய இளம் மருத்துவருக்கு மறுவாய்ப்புக் கொடுப்பதில் மனிதாபிமானமும் இருக்கிறது. ஆனால் ஷிப்மன் விசாரணையை நடத்திய நீதிபதி ஜேனட் ஸ்மித் தமது ஐந்தாவது அறிக்கையில் 2004-இல் சுட்டியது தனி ஒரு முடிவை மட்டும் அல்ல, அந்தச் சபையின் சுபாவத்தை. மருத்துவர்களின் வாக்கில் வந்தவர்களுக்கு, தெரிந்தோ தெரியாமலோ, தங்கள் வாக்காளர் நினைப்பு இருக்கும். நோயாளியைக் காப்பதற்காக ஏற்படுத்திய அமைப்பு மருத்துவரைக் காக்கும் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு.

விளைவு பெரிய மாற்றம். 2003-இல் 35 பேரில் 14 வெளியாட்கள் என்று சபை சுருங்கியிருந்தது. 2009-இல் 24 பேர், அதில் சரிபாதி வெளியாட்கள். தேர்தலே கிடையாது, எல்லாருமே விண்ணப்பித்துத் தேர்வாகி நியமிக்கப்படுகிறவர்கள். 2013 முதல் 12 பேர், ஆறுக்கு ஆறு. அதைவிட முக்கியமானது விசாரணை மேசை. 2012-இல் விசாரணைக்குத் தனித் தீர்ப்பாயம் பிரிக்கப்பட்டது. வழக்கமாக மூன்று பேர் அமரும் ஒவ்வொரு அமர்விலும் குறைந்தது ஒரு மருத்துவர், குறைந்தது ஒரு வெளியாள் இருந்தாக வேண்டும். சபையில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்த மூன்று நாற்காலியைப் பார்க்கத் தவறுகிறார்கள். ஆண்டுக்குச் சில முறை கூடிக் கொள்கை பேசும் இடத்தைவிட, ஒருவரின் கோப்பு திறக்கப்படும் இடத்தில் இருப்பதுதான் இருப்பு.

வைத்தியம் தெரியாதவர் அந்தக் கோப்பில் எதைப் பார்த்துவிடுவார்? நல்ல கேள்வி. ஒரு கோப்பைக் கற்பனை செய்துகொள்வோம். பிரசவம் முடிந்த பெண். இரவு 10 மணியிலிருந்து காலை 4 மணிவரை, மணிக்கொரு முறை ரத்த அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஏழு வரி. ஏழிலும் 110/70. ஒரே மை, ஒரே சாய்வு. விடியும் நேரத்தில் உதிரப்போக்கு கண்டுபிடிக்கப்படுகிறது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மேசையில் இருக்கும் மகப்பேறு மருத்துவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார், புரட்டுகிறார், மருந்தின் அளவும் கொடுத்த நேரமும் இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுகிறார். பக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அந்த ஏழு வரியிலேயே நிற்கிறார். வருகைப் பதிவேட்டை மாதக் கடைசியில் ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பினால் எப்படி இருக்கும் என்று முப்பது வருடம் பார்த்தவர் அவர். "இது மணிக்கொரு தடவை எழுதினதா, காலையில உட்கார்ந்து மொத்தமா எழுதினதா?"

அந்த மருத்துவருக்கு இது கண்ணில் படாமல் இல்லை. பட்டது. அதற்கான காரணமும் தெரியும். முப்பது படுக்கைக்கு ஒரே நர்ஸ். ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில், விடிகாலை நாலு மணிக்குக் கண் சொருகும்போது, அவரே இப்படி நிரப்பியிருக்கக்கூடும். தெரிந்ததால்தான் கடந்து போகிறார். தொழிலுக்குள் இருப்பவர்களின் மன்னிப்பு பெரும்பாலும் இப்படி வருகிறது. சதியாக வருவதில்லை, பழக்கமாக வருகிறது. இருபது வருடம் ஒரு வாடையில் இருந்தவருக்கு மூக்கு அதைச் சொல்லாது.

இன்னொன்று: இந்த மேசைக்கு வரும் புகார்கள் எல்லாமே கத்தியை எந்தக் கோணத்தில் பிடித்தார் என்பதைப் பற்றியவை அல்ல. கேஸ் ஷீட்டைத் திருத்தியது, ஒப்புதல் வாங்காமல் அறுத்தது, பார்க்காத நோயாளிக்குச் சான்றிதழ் கொடுத்தது, பெண் நோயாளியிடம் முறைதவறி நடந்தது, குடித்துவிட்டுப் பணிக்கு வந்தது. இவற்றை எடைபோட எம்.டி. பட்டம் எதற்கு?

மறுபக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் மருத்துவ நண்பர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். மருத்துவமனைக் கண்ணாடியை உடைக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள் அவர்கள். வெளியாள் என்றதும் அவர்கள் மனக்கண்ணில் அந்தக் கூட்டம்தான் வருகிறது. வெளியாள் வந்தால் தண்டனை கூடும் என்று அஞ்சுகிறார்கள். பிரிட்டனில் நடந்த ஒரு வழக்கு இந்த அச்சத்தைத் தலைகீழாகப் புரட்டுகிறது. 2011 பிப்ரவரியில் லெஸ்டர் மருத்துவமனையில் ஜாக் அட்காக் என்ற ஆறு வயதுச் சிறுவன் செப்சிஸ் என்ற கடும் தொற்றுப் பாதிப்பு முற்றி இறந்தான். அன்று பணியில் இருந்த பயிற்சி மருத்துவர் ஹடீசா பாவா-கார்பா, நீண்ட பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவர். பல வார்டுகளை ஒருவரே பார்த்தார். பரிசோதனை முடிவுகளைக் காட்டும் கணினி அன்று முடங்கியிருந்தது. 2015-இல் குற்றவியல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2017-இல் வெளியாட்களும் அடங்கிய தீர்ப்பாயம் மருத்துவமனையின் குளறுபடிகளையும் கணக்கில் எடுத்து, ஓராண்டு இடைநீக்கம் போதும் என்றது. போதாது என்று உயர் நீதிமன்றம் போனது ஜிஎம்சியே. பொதுமக்களின் நம்பிக்கை குலையும் என்பது அதன் வாதம். 2018 ஜனவரியில் பதிவு நீக்கம் ஆனது. மருத்துவர்கள் நிதி திரட்டி வழக்கு நடத்தினார்கள். ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் முடிவையே மீட்டது.

மேசையில் உட்கார்ந்து கோப்பைப் படித்த வெளியாள் நிதானமாக இருந்தார். பொதுமக்கள் பெயரைச் சொல்லிப் பேசிய அலுவலகம்தான் கடுமையாக நடந்துகொண்டது. மக்கள் பெயரில் பேசுவது வேறு, மக்களில் ஒருவர் உட்காருவது வேறு. இந்திய நிலவரத்துக்கு வரும்போது இந்த வேறுபாடு மறுபடி தேவைப்படும்.

அதற்கு முன் அமெரிக்காவில் ஒரு சின்னச் சுற்று. அங்கே உரிமம் கொடுப்பது மாநில வாரியங்கள். கலிஃபோர்னியா மருத்துவ வாரியத்தில் 15 பேர். எட்டு மருத்துவர்கள், ஏழு பொது உறுப்பினர்கள். அந்த ஒரு நாற்காலி வித்தியாசத்தை மாற்றிப் பொது உறுப்பினர்களைப் பெரும்பான்மை ஆக்க 2023-இல் ஒரு மசோதாவில் ஏற்பாடு செய்தார்கள். மாநில மருத்துவர் சங்கம் எதிர்த்தது. சட்டமாகும் முன் அந்தப் பகுதி கழன்றுவிட்டது. ஒரு நாற்காலிக்கு இவ்வளவு மல்லுக்கட்டா என்று தோன்றினால், வட கரோலினா பல் மருத்துவ வாரியத்தின் கதையைப் பாருங்கள். எட்டு பேர் கொண்ட வாரியம்: ஆறு பல் மருத்துவர்கள், பல் சுகாதாரப் பணியாளர் ஒருவர், நுகர்வோர் சார்பில் ஒரே ஒருவர். ஷாப்பிங் மால்களில் கடைபோட்டுப் பல்லை வெண்மையாக்கிக் கொடுக்கிறவர்கள் கிளம்பினார்கள். பல் மருத்துவர்களைவிடக் குறைந்த கட்டணம். வாரியத்துக்குப் புகார்கள் குவிந்தன. புகார் கொடுத்தவர்கள் பல் மருத்துவர்கள். பல் கெட்டது என்பதைவிட, விலை குறைவு என்பதே பெரும்பாலான புகார்களின் மனக்குறை. 2006 முதல் வாரியம் குறைந்தது 47 கடிதங்கள் அனுப்பிக் கடைகளை மூடச் சொன்னது. 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், அந்தத் தொழிலில் இருப்பவர்களே பெரும்பான்மையாக உள்ள வாரியம், அரசின் நேரடி மேற்பார்வை இல்லாமல் இப்படிச் செய்தால் ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று தீர்த்தது. ஆக்ஸம் கதையில் பார்த்த அதே வேலிதான். இங்கே வேலிக்குள் இருந்தது பணம்.

இனி நம் வீடு.

இந்திய மருத்துவக் கவுன்சில், எம்சிஐ, 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்துவந்தது. மாநிலத்துக்கு ஒருவர் மத்திய அரசின் நியமனம், பல்கலைக்கழகத்துக்கு ஒருவர், பதிவுபெற்ற மருத்துவர்களின் வாக்கில் மாநிலத்துக்கு ஒருவர் என்று நீளும் பட்டியல். எந்த வழியாக உள்ளே வந்தாலும் வந்தவர் மருத்துவர். 2010 ஏப்ரலில் அதன் தலைவர் கேதன் தேசாய் லஞ்சப் புகாரில் சிபிஐயால் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே அவசரச் சட்டத்தில் சபை கலைக்கப்பட்டது. பிறகு திரும்பி வந்தது. 2016 மார்ச்சில் நாடாளுமன்ற நிலைக்குழு அதைப் பிய்த்து எடுத்தது. மருத்துவர்கள் மட்டுமே இருக்கும் அமைப்பு பொதுநலனைக் காக்காது என்பதும் அந்த அறிக்கையின் முக்கியக் கண்டிப்புகளில் ஒன்று. 2018 செப்டம்பரில் சபைக்கு மூடுவிழா. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2020 செப்டம்பர் 25 முதல் ஆணையம்.

புதிய ஆணையத்தில் 33 பேர். அவர்களில் மூன்று பேர், சட்டத்தின் சொற்களில், மேலாண்மை, சட்டம், மருத்துவ அறம், சுகாதார ஆய்வு, நுகர்வோர் அல்லது நோயாளி உரிமை, அறிவியல் தொழில்நுட்பம், பொருளாதாரம் போன்ற துறைகளில் அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஏழு துறை, மூன்று நாற்காலி. நோயாளி உரிமைக்காக உழைத்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. மூன்றையும் மேலாண்மைப் பேராசிரியர்களைக் கொண்டு நிரப்பினாலும் சட்டம் நிறைவேறிவிடும். அறநெறி மற்றும் மருத்துவப் பதிவு வாரியத்திலும் ஓர் இடம் மருத்துவ அறம், பொதுச் சுகாதாரம், சட்டம், நோயாளிகளுக்கான பணி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிலிருந்து வரலாம். ஆணையத்தின் தலைவரையும் இந்த மூவரையும் பரிந்துரைப்பது அமைச்சரவைச் செயலர் தலைமையிலான தேடல் குழு. நியமிப்பது மத்திய அரசு.

இங்கேதான் எனக்குக் குறை. எம்சிஐயின் நோய், மருத்துவர்களே மருத்துவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது என்று கண்டுபிடித்தோம். அதற்கு மாற்று பொதுமக்கள் என்று வைத்துக்கொண்டு, பொதுமக்கள் இடத்தில் அரசாங்கத்தை உட்கார வைத்துவிட்டோம். மருத்துவர் சங்கங்கள் 2019-இல் தெருவுக்கு வந்தபோது எழுப்பிய குரல்களில் இதுவும் ஒன்று: தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை வெளியே தள்ளி நியமனக்காரர்களை உள்ளே விடுகிறீர்கள். சங்கங்களின் மற்ற வாதங்கள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. இதில் அவர்கள் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. பிரிட்டனிலும் நியமனம்தான், தேர்தல் இல்லை. ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் வரும், பாதி நாற்காலிகள் மருத்துவரல்லாதவர்களுக்கு என்று கட்டாயம் இருக்கும். இங்கே 33-இல் 3, அதுவும் நோயாளி தரப்புக்கு என்று உறுதியில்லாமல்.

மாநில அளவில் பெரும்பாலும் இதுவும் இல்லை. புகார் முதலில் போவது மாநிலக் கவுன்சிலுக்கு. அத்தை உட்கார்ந்தது அப்படி ஒரு மேசைக்கு எதிரில்தான். தமிழ்நாட்டில், அரும்பாக்கத்தில் இயங்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அடிப்படை இன்னும் அந்த 1914-ஆம் ஆண்டுச் சட்டம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பதிவுபெற்ற மருத்துவர்களின் வாக்கில் வருகிறவர்கள், மற்றவர்கள் அரசு நியமனம். தேர்தலில் வாக்காளர் பட்டியல் என்பதே மருத்துவர் பதிவேடுதான். நோயாளியின் பெயர் அதில் எப்படி இருக்கும்? சில மாநிலக் கவுன்சில்கள் விசாரணையின்போது சட்ட ஆலோசகரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கின்றன. அவர் கவுன்சிலின் வக்கீல். வெளியாள் கணக்கில் சேர்க்க முடியாது.

வெளியாள் இல்லாததால் இந்தியாவில் மக்கள் என்ன செய்தார்கள்? வேறு மேசைக்குப் போனார்கள். 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம், மருத்துவச் சிகிச்சை நுகர்வோர் சட்டம் சொல்லும் சேவைக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. 1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அங்கே மருத்துவர்கள் தரப்பு வைத்த வாதங்களில் ஒன்று, எங்களைக் கண்டிக்க மருத்துவக் கவுன்சில் இருக்கிறதே என்பது. அந்த ஒழுங்கு நடவடிக்கை, பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதல் ஆகாது என்றது நீதிமன்றம். நுகர்வோர் மன்ற உறுப்பினர்களுக்கு வைத்தியம் தெரியாதே என்ற வாதமும் எடுபடவில்லை. நிபுணரை அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம். முப்பது ஆண்டுகளாக மாவட்டந்தோறும், மருத்துவரல்லாதவர்கள் உட்கார்ந்து மருத்துவரின் அலட்சியத்தை எடைபோட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் அந்த மேசையால் பணம் வாங்கித் தர முடியும், பதிவேட்டைத் தொட முடியாது. இழப்பீடு கட்டிய மருத்துவர் மறுநாள் காலை கிளினிக்கைத் திறக்கலாம். பெரும்பாலும் கட்டுவது காப்பீட்டு நிறுவனம்.

இரண்டு மேசைகளும் ஒரே கோப்பை எவ்வளவு வேறாகப் படிக்கும் என்பதற்குக் கொல்கத்தா சாட்சி. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த அனுராதா சாஹா 1998-இல், தோல் உரியும் கொடிய ஒவ்வாமைக்கு அளிக்கப்பட்ட சிகிச்சைக்குப் பின் இறந்தார். அவர் கணவர் குணால் சாஹா தாமே மருத்துவர். மேற்கு வங்க மருத்துவக் கவுன்சில் மருத்துவர்கள் மேல் குற்றமில்லை என்றது. அதே சிகிச்சையை அலட்சியம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னது. 2013-இல் சுமார் 6 கோடி ரூபாய் இழப்பீடும் வட்டியும் நிர்ணயித்தது. வழக்கு தொடுத்தவருக்கு வைத்தியம் தெரியும், சலிக்காத பிடிவாதமும் இருந்தது. பதினைந்து வருடம் நின்றார். எல்லாருக்கும் முடிகிற காரியமா?

அதற்கிடையில் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. எம்சிஐயின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 8.8-ஆம் பிரிவு, மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட "எவரும்" 60 நாளுக்குள் மேலே முறையிடலாம் என்றது. நோயாளி தரப்புக்கு இது பெரிய விஷயம். மேசையில் ஆள் இல்லாவிட்டாலும் கதவைத் தட்ட உரிமை உண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, மாநிலக் கவுன்சிலின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட "மருத்துவர்" மேல்முறையீடு செய்யலாம் என்கிறது. நோயாளி என்ற சொல் அங்கே இல்லை. மறந்து விட்டுப்போனதா, வேண்டுமென்றே விடப்பட்டதா என்று தோண்டுவதில் பயனில்லை. அந்த வரியைக் காட்டி நோயாளிகளின் மேல்முறையீடுகள் பல திருப்பி அனுப்பப்பட்டன. பொதுமக்கள் நலனுக்காக என்று முகவுரை எழுதிக்கொண்டு வந்த சட்டம், பழைய அமைப்பு கொடுத்ததையும் பிடுங்கிக்கொண்டது.

2022 டிசம்பரில் மத்தியச் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட திருத்த வரைவில் நோயாளிக்கும் மேல்முறையீட்டு உரிமை சேர்க்கப்பட்டிருந்தது. வரைவு சட்டமாகவில்லை. 2023 ஆகஸ்டில் ஆணையம் புதிய நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது; மருந்தை மூலப்பெயரில் மட்டுமே எழுத வேண்டும் என்ற விதியை மருத்துவர் சங்கங்கள் எதிர்த்ததும், மூன்றே வாரத்தில் அவை நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் 2002 விதிகளே மறுபடி நடைமுறைக்கு வந்தன. ஆக, 8.8-இல் "எவரும்" என்ற சொல் தாளில் உயிரோடு இருக்கிறது; அதற்கு மேலிருக்கும் சட்டத்தில் "மருத்துவர்" என்று இருக்கிறது. இரண்டும் மோதினால் சட்டமே மேலோங்கும் என்று எந்த வக்கீலும் சொல்வார். மாநிலக் கவுன்சிலின் ஒற்றை வரிக் கடிதத்தை ஒப்புக்கொள்ளாதவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதற்கு என்ன செலவாகும் என்று அத்தைக்காக ஒருமுறை விசாரித்தேன். தொகையைக் கேட்டவர், "அவர் ஆஸ்பத்திரிக்கு ஆனதே இன்னும் அடையலை" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.